ஊழின் சக்கரமும் பின்னோக்கி உருளும் தேரும்

தோற்றுவாய்

போரை விளையாட்டாக்கிப் பார்க்கும் ஆசை மாந்தர்க்கு மிகப் பழையது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையின் கட்டங்களுக்குள் அடக்கிய சதுரங்கம், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் இந்திய மண்ணில் வழங்கியது என்பர். அது மேற்கே பாரசீகம் சென்று, அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம் ஒன்று கிழக்கே ஜப்பானில் வேரூன்றி, 'சோகி' என்னும் பெயரோடு 81 கட்டங்களில் இன்றளவும் ஆடப்படுகின்றது. சோகியில் ஒரு புதுமை உண்டு. அங்கு வெட்டுண்ட காய் பலகையை விட்டு ஒழிவதில்லை. அதனைப் பிடித்தவன் தன் படையிற் சேர்த்துக்கொண்டு, அதன் பழைய தலைவனுக்கு எதிராகவே மீண்டும் களத்தில் இறக்கலாம். நேற்றுவரை பகைவனாய் இருந்தவன் இன்று துணைவன். இன்றைய துணைவன் நாளை யார் பக்கம் நிற்பான் என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வாட்டங்கள் அனைத்திற்கும் பொதுவாய் நிற்பது ஓர் அறக்கேள்வியாகும். வைத்த அடியைத் திரும்ப எடுக்கலாமா? பந்தயச் சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். வீட்டுத் திண்ணையிலோ, பிழையாக நகர்த்திய சிறுவன் கெஞ்சினால் மூத்தவர்கள் மனமிரங்கி, காயைப் பின்வாங்க விடுவதுண்டு. பந்தயத்தின் கண்டிப்பும் திண்ணையின் இரக்கமும் ஆகிய இரண்டும் ஒரே விளையாட்டின் வரலாற்றில் அடுத்தடுத்து இடம்பெற்றன. அவ்விளையாட்டு, ஜப்பானில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த 'டாக்டிக்ஸ் ஓகர்' ஆகும். பதினைந்து ஆண்டுகட்குப் பின், 2010ஆம் ஆண்டில், அது கையடக்கக் கருவியொன்றுக்காகப் புத்துருப் பெற்றது. அம்மீளாக்கம் எதைக் காத்தது, எதை மாற்றியது, மாற்றியதனால் கதையின் அறம் சிதைந்ததா அன்றித் தெளிந்ததா என்பன ஆராயத்தக்கன.

குலமரபு

மின்திரையில் ஆடப்படும் போர் விளையாட்டுகட்கு இரு மூதாதையர் உண்டு. ஒன்று, பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர்கள் பயிற்சிக்காக ஆடிய வரைபடப் போர் விளையாட்டு. ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டில் அதன் விதிகளை நூலாக வெளியிட்டார். மற்றொன்று, அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதைமாந்தர் விளையாட்டு. முன்னதில் ஆடுவோன் படைத்தலைவன், காய்களுக்குப் பெயரில்லை. பின்னதில் ஆடுவோன் ஒரு தனி மனிதனின் வேடத்தைப் பூணுகின்றான். அம்மனிதனுக்குப் பெயருண்டு, குணமுண்டு, பட்டறிவால் வளரும் ஆற்றலும் உண்டு.

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் பாமிகாம் கருவி 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 'டிராகன் குவெஸ்ட்' 1986ஆம் ஆண்டிலும் 'பைனல் பேண்டசி' 1987ஆம் ஆண்டிலும் தோன்றி, கதைமாந்தர் விளையாட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1988ஆம் ஆண்டில் வந்த 'பாமிகாம் வார்ஸ்' கட்டங்களில் படை நகர்த்தும் முறையைத் திரைக்குக் கொணர்ந்தது. இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடம் 1990ஆம் ஆண்டில் ஷோசோ காகாவின் எண்ணத்தில் உருவான 'பயர் எம்பளம்' ஆகும். அதில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெயரும் முகமும் இருந்தன. களத்தில் வீழ்ந்தவர் பொதுவாக மீள்வதில்லை. பெயரற்ற காலாளை இழப்பதற்கும், பெயரறிந்த ஒருவரை இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆடுவோர் அன்று உணர்ந்தனர். வியூகமும் கதையும் இணைந்த புதிய விளையாட்டு வகை இவ்வாறு பிறந்தது.

குவெஸ்ட் நிறுவனமும் மட்சுனோவும்

இவ்வகையை உயரத்திற்கு எடுத்துச் சென்றவருள் யசுமி மட்சுனோ தலையாயவர் எனலாம். குவெஸ்ட் என்னும் சிறு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1993ஆம் ஆண்டில் சூப்பர் பாமிகாம் கருவிக்காக 'ஓகர் பேட்டில்' என்னும் விளையாட்டை இயக்கி வெளியிட்டார். பெருங்கதையொன்றின் ஐந்தாம் காண்டமாக அது அறிவிக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஏழாம் காண்டமாக 'டாக்டிக்ஸ் ஓகர்' வெளிவந்தது. அப்போது மட்சுனோ முப்பது வயதை நெருங்கியிருந்தார். அகிஹிகோ யோஷிதா மாந்தர் ஓவியங்களைத் தீட்டினார். ஹிரோஷி மினகாவா காட்சிக் கலைக்குப் பொறுப்பேற்றார். ஹிதோஷி சகிமோட்டோவும் மசஹரு இவாடாவும் இசையமைத்தனர்.

இவ்விளையாட்டுகளின் பெயர்கள் 'குவீன்' என்னும் ஆங்கில இசைக் குழுவின் பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது சுவையான செய்தியாகும். ஓகர் பேட்டிலின் பெயரும் துணைப்பெயரும் அக்குழுவின் 1974ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள இரு பாடல்களின் பெயர்களே. டாக்டிக்ஸ் ஓகரின் ஆங்கிலத் துணைப்பெயர் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டிலுள்ள ஒரு பாடலைச் சார்ந்தது. ஜப்பானிய அன்பர்களுக்கெனப் பாடப்பட்ட அப்பாடலின் பல்லவியில் ஜப்பானிய மொழி அடிகளும் உண்டு. 'ஒருவரையொருவர் இறுகப் பற்றியிருப்போம்' என்னும் கருத்துடைய அத்தொடர், இனங்கள் ஒன்றையொன்று வெட்டி மாய்க்கும் கதைக்குத் தலைப்பாக வந்தமை எண்ணத்தக்கது.

ஆட்ட முறையிலும் புதுமைகள் இருந்தன. பயர் எம்பளத்தின் களம் மேலிருந்து நோக்கும் தட்டையான பரப்பு. டாக்டிக்ஸ் ஓகரின் களமோ சாய்கோணத்தில் தோன்றும் மேடுபள்ளமான நிலம். உயரத்தில் நிற்கும் வில்லாளனின் அம்பு நெடுந்தொலைவு பாயும். முதுகுப்புறத்தில் விழும் அடி எளிதில் தைக்கும். ஒரு பக்கத்தார் அனைவரும் நகர்ந்த பின்னரே மறுபக்கத்தார் நகர வேண்டும் என்னும் விதியும் அங்கில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விரைவுக்கும் சுமைக்கும் ஏற்ப முறை பெற்றனர். கனத்த கவசம் அணிந்தவன் உயிரைக் காத்துக்கொண்டான். ஆயின் அவன் முறை காலந்தாழ்ந்து வந்தது.

வாலேரியத் தீவுகள்

கதை வாலேரியா என்னும் கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நிகழ்கின்றது. தீவுகளை ஒன்றுபடுத்தி ஆண்ட தோர்கலுவா மன்னன் நேரிய வாரிசின்றி மறைகின்றான். அவன் கட்டியெழுப்பிய ஒற்றுமையும் அவனோடு மறைகின்றது. எண்ணிக்கையிற் பெரிய கல்காஸ்தான் மக்களும், செல்வாக்கிற் பெரிய பக்ராம் மக்களும் நாட்டைக் கூறுபோட்டுக்கொள்கின்றனர். பக்ராம் ஆட்சிக்குப் பின்னே லோடிஸ் என்னும் அயல்நாட்டு வல்லரசின் கரும்படை வீரர்கள் நிற்கின்றனர். சிறுபான்மையினராகிய வாலிஸ்டர் மக்கள் இருபுறமும் நசுக்கப்படுகின்றனர்.

டெனம் என்னும் இளைஞனும், அவன் தமக்கை காச்சுவாவும், தோழன் வைஸும் வாலிஸ்டர் ஊராகிய கோலியாத்தில் வாழ்ந்தவர்கள். கரும்படையினர் அவ்வூரை எரித்து, தந்தையையும் கொண்டுசெல்கின்றனர். கரும்படைத் தலைவனின் பெயர் லான்சலாட். சிலகாலம் கழித்து அதே பெயருடைய வீரன் ஒருவன் ஊருக்கு வருவதாகக் கேள்வியுற்ற மூவரும் அவனைக் கொல்லப் பதுங்கி நிற்கின்றனர். வந்தவனோ வேறு நாட்டைச் சேர்ந்த நல்லியல்பு மிக்க மற்றொரு லான்சலாட். கதையின் தொடக்கத்திலேயே, பெயர் ஒன்றாயிருத்தல் கண்டு பழிவாங்கப் புறப்பட்ட மூவர் நாணி நிற்கின்றனர். பெயரையும் குலத்தையும் கொண்டு மனிதனை அளப்பது எத்துணைப் பிழை என்பதற்கு ஆசிரியர் இட்ட முதற் பாடம் இது.

இப்பாடத்தின் முடிவு பின்னர் வருகின்றது. வாலிஸ்டர் விடுதலைக்காகப் போரிட்டுப் புகழ்பெற்ற டெனம், தான் பிறப்பால் வாலிஸ்டர் அல்லன், பக்ராம் குலத்தவன் என்பதை அறிகின்றான். அவன் தமக்கை எனக் கருதியிருந்த காச்சுவாவோ மறைந்த மன்னனின் மகள் எனத் தெரியவருகின்றது. எந்தக் குலத்தின் பெயரால் வாளெடுத்தானோ அந்தக் குலம் அவன் குருதியில் இல்லை. சோகிப் பலகையிற் பக்கம் மாறிய காய்போல, அவன் நின்ற பக்கமே அவனுடைய பக்கமாயிற்று.

இக்கதை வெறுங் கற்பனையில் முளைத்ததன்று. 1991ஆம் ஆண்டு முதல் யூகோஸ்லாவிய நாடு சிதறத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு ஏப்ரலில் பொஸ்னியாவில் போர் மூண்டது. 1991ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நாட்டில் பொஸ்னிய முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேராகவும், செர்பியர் 31 பேராகவும், குரோவாசியர் 17 பேராகவும் இருந்தனர். மொழியால் மிக நெருங்கியும், தெருவால் அண்டையராயும் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடினர். அச்செய்திகள் மட்சுனோவின் கற்பனையைத் தூண்டின என்பது பரவலாக எடுத்துரைக்கப்படும் உண்மையாகும். 1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். மூன்று திங்கள் கழித்து விளையாட்டு வெளிவந்தது. அமைதி உடன்படிக்கை டிசம்பர் 14ஆம் நாள் பாரிசில் கையெழுத்தாயிற்று. ஸ்ரெப்ரெனிட்சாவுக்கும் கதைக்கும் நேர்த்தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும், ஒரே ஆண்டின் காற்றையே இரண்டும் உயிர்த்தன என்பதை மறத்தற்கில்லை.

பால்மமுசா

விளையாட்டின் உயிர்நிலை முதற் பகுதியின் இறுதியில் அமைந்துள்ளது. பால்மமுசா என்னும் சுரங்க ஊரில் வாலிஸ்டர் மக்கள் கல்காஸ்தான் காவலின்கீழ் அடைபட்டுக் கிடக்கின்றனர். அவர்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு வாலிஸ்டர் தலைவனாகிய ரோன்வே கோமான் டெனத்தை அனுப்புகின்றான். ஊர் மக்களோ மறுக்கின்றனர். வெல்ல முடியாத போரில் சாவதைவிட அடங்கி வாழ்தலே மேல் என்கின்றனர். அப்போது கோமானின் தளபதி லியோனார் ஓர் ஆணையை வெளியிடுகின்றான். ஊரார் அனைவரையும் கொன்றுவிட்டு, அப்பழியைக் கல்காஸ்தான்மேற் சுமத்த வேண்டும். அச்சினத்தில் வாலிஸ்டர் மக்கள் அனைவரும் ஒன்றுதிரள்வர் என்பது அவன் கூற்று. தம் மக்களைக் காக்கத் தம் மக்களையே கொல்லுதல் என்னும் கொடிய கணக்கு இது.

திரையில் இரு விடைகள் தோன்றுகின்றன. ஆணைக்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் மற்றொன்று. உடன்பட்டால் வைஸ் வெகுண்டு பிரிந்து செல்கின்றான். மறுத்தாலோ, அதே வைஸ் ஆணையை ஏற்றுக்கொண்டு, டெனத்தைத் துரோகியாக்குகின்றான். டெனம் செய்யாத கொலையின் பழி அவன் தலைமேல் விழுகின்றது. ஒரு நண்பன் எந்நிலையில் நிற்பான் என்பதைக்கூட நாயகனின் விடையே முடிவு செய்வதாக ஆசிரியர் அமைத்துள்ளார். வைஸ் நல்லவனா தீயவனா என்னும் வினாவுக்கு இங்கு ஒற்றை விடை இல்லை.

இவ்விடத்தில் கதை கிளைக்கின்றது. சட்டத்தின் வழி, குழப்பத்தின் வழி, நடுவழி என மூன்று கிளைகள் உண்டு. அவை நான்காம் பகுதியில் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. ஆடுவோன் எவ்வழியில் நடந்தாலும், படையில் உள்ள ஒவ்வொருவனுக்கும் ஒரு குலம் உண்டு. ஒரு குலத்தாரைக் களத்தில் மிகுதியாகக் கொன்றால் படையிலுள்ள அக்குலத்தாரின் பற்றுறுதி தளர்கின்றது. கொலைக்குக் கணக்கு வைக்கும் ஏடு ஒன்று மறைவாக எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. வீரத்தைப் புகழ்ந்து எண்ணிறந்த விளையாட்டுகள் வந்த காலத்தில், வென்றவனிடமும் கணக்குக் கேட்ட விளையாட்டு இது.

இடைக்காலம்

டாக்டிக்ஸ் ஓகர் வெளிவந்த பின் மட்சுனோ குவெஸ்ட் நிறுவனத்தை விட்டு ஸ்குவேர் நிறுவனத்தில் சேர்ந்தார். யோஷிதா, மினகாவா முதலியோரும் உடன் சென்றனர். அவர்களின் உழைப்பால் 1997ஆம் ஆண்டில் 'பைனல் பேண்டசி டாக்டிக்ஸ்' தோன்றியது. டாக்டிக்ஸ் ஓகர் 1996ஆம் ஆண்டில் சாட்டர்ன் கருவிக்கும், 1997ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் கருவிக்கும் பெயர்க்கப்பட்டது. ஆங்கில வடிவம் 1998ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவை அடைந்தது. 2002ஆம் ஆண்டில் குவெஸ்ட் நிறுவனத்தின் விளையாட்டுப் பணியை ஸ்குவேர் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிரிந்து சென்றவர்களும் அவர்கள் படைத்த நூலும் இவ்வாறு மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தமை, பிற்கால மீளாக்கத்திற்கு வழிகோலியது.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்' கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 4.3 அங்குல அகன்ற திரையுடைய அக்கருவி ஒரு சிறு புத்தக அளவே இருந்தது. தொடர்வண்டியில் நின்றுகொண்டே ஆடலாம். இறங்கும் இடம் வந்ததும் விசையைத் தள்ளி உறங்கவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பல மணிநேரம் நீளும் கட்டப்போர் விளையாட்டுக்கு இத்தகைய கருவி மிகவும் ஏற்றதாயிற்று. 2007ஆம் ஆண்டில் பைனல் பேண்டசி டாக்டிக்ஸ் அக்கருவிக்கு வந்தது. அதன்பின் 2010ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் டாக்டிக்ஸ் ஓகரின் மீளாக்கம் ஜப்பானில் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியாயிற்று. ஜப்பானில் அதற்கு இடப்பட்ட துணைப்பெயர் 'ஊழின் சக்கரம்' என்று பொருள்படுவது.

மீளாக்கத்தின் திறம்

பழைய நூலைப் புதுப்பிப்போர் இருவகைத் தவறு செய்வர். ஒரு சாரார் எழுத்துப்பிழையைக்கூட மாற்றாமல் அச்சிடுவர். மற்றொரு சாரார் மூலத்தை அடையாளம் தெரியாதபடி சிதைப்பர். இம்மீளாக்கத்தில் மூலத்தைப் படைத்தவர்களே பலர் மீண்டும் அமர்ந்தனர். மினகாவா இயக்குநராகப் பொறுப்பேற்றார். மட்சுனோ ஆட்ட வடிவமைப்பிலும் கதையிலும் பங்கேற்றார். சகிமோட்டோ, இவாடா ஆகியோரின் இசை புதிய இசைக்கோவையாக மலர்ந்தது. பழைய கருவியின் மெல்லிய ஒலியில் கேட்ட பண்கள் பல்லியக் குழுவின் செறிவோடு ஒலித்தன. மாந்தர் உருவங்களோ பழைய புள்ளி ஓவியத் தோற்றத்தையே காத்து நின்றன. முப்பரிமாண நிலத்தின்மேல் அவை நிற்க, களத்தை உச்சியிலிருந்து நோக்கும் காட்சியும் சேர்க்கப்பட்டது. மலைக்குப் பின் மறைந்த பகைவனைத் தேடி ஆடுவோர் பட்ட துன்பம் தீர்ந்தது.

களத்தில் இறக்கத்தக்க வீரர் தொகை பத்திலிருந்து பன்னிரண்டாயிற்று. வீழ்ந்த வீரன் உடனே மடிவதில்லை. அவன் தலைமேல் மூன்று முறைக்கான எண்ணிக்கை தோன்றும். அதற்குள் உதவி வந்தால் பிழைப்பான். வராவிடின் அவனுக்குரிய மூன்று இதயங்களுள் ஒன்று குறையும். மூன்றும் தீர்ந்த பின்னரே அவன் நிலையாக மறைவான். ராவ்னெஸ் என்னும் பெண் வீரர் ஒருவர் கதையிற் புதிதாக இடம்பெற்றார். பால்மமுசா ஆணையை எதிர்த்துப் பேசும் நெஞ்சுரம் மிக்க பாத்திரம் அது.

மொழிபெயர்ப்பும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பழைய ஆங்கில வடிவில் நாயகன் பெயர் துணிவகை ஒன்றின் பெயராகவே எழுதப்பட்டு, படிப்போர்க்கு நகைப்பூட்டியது. மீளாக்கத்தை மொழிபெயர்த்த அலெக்சாண்டர் ஸ்மித்தும் அவர்தம் துணைவரும் ஓரெழுத்தை மாற்றி அக்குறையை நீக்கினர். உரையாடல்களைப் பழஞ்சாயல் தோய்ந்த ஆங்கிலத்தில் வடித்தனர். கோமான் ஆணையிடும் நடையும், உழவன் மறுக்கும் நடையும் வேறுவேறாய் ஒலித்தன. ஒரு சொல்லின் எழுத்து மாறினாலே ஒரு பாத்திரத்தின் மதிப்பு மாறும் என்பதற்கு இதனை மொழி ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மீளாக்கத்தின் குறை

குறைகளும் இல்லாமலில்லை. மூலத்தில் ஒவ்வொரு வீரனும் தனித்தனியே பட்டறிவு பெற்று வளர்ந்தான். மீளாக்கத்தில் வாள்வீரர், வில்லாளர், மருத்துவர் எனத் தொழிலுக்கே நிலை வழங்கப்பட்டது. ஒரு தொழிலின் நிலை உயர்ந்தால் அத்தொழிலைச் செய்யும் யாவரும் உயர்ந்தனர். புதியவனையும் உடனே பயன்படுத்தலாம் என்பது இதன் நன்மை. ஆயின் கதையின் பிற்பகுதியிற் கிடைக்கும் புதிய தொழில் முதல் நிலையிலிருந்தே தொடங்கும். பகைவர்களோ அதற்குள் மிக வலிமை பெற்றிருப்பர். நீதி என எண்ணிச் செய்த ஏற்பாடு, பிந்தி வந்தோர்க்கு அநீதியாயிற்று. படைக்கலம் செய்யும் முறையும் சலிப்பூட்டியது. மூலப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தும் சிலபோது அம்முயற்சி தோற்கும்.

இக்குறைகளை 2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்த மற்றொரு பதிப்பு பெரும்பாலும் களைந்தது. அதில் வீரர்கள் மீண்டும் தனித்தனியே வளர்ந்தனர். படைக்கலம் செய்தல் எளிதாயிற்று. உரையாடல்களுக்குக் குரலும் தரப்பட்டது. மீளாக்கத்தையும் மீண்டும் ஆக்க வேண்டி வந்தமை, எப்பதிப்பும் இறுதிப் பதிப்பன்று என்பதைக் காட்டுகின்றது.

தேரும் உலகும்

மீளாக்கத்தின் மிகப் பெரிய மாற்றம் இரு சீட்டுகளின் வடிவில் வந்தது. குறி சொல்லும் சீட்டுக்கட்டிலுள்ள 'தேர்', 'உலகு' என்னும் பெயர்கள் அவற்றிற்கு இடப்பட்டன. தேர்ச் சீட்டைப் பயன்படுத்தினால், போர் நடக்கும்போதே ஐம்பது முறை வரை காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தலாம். தவறாக வைத்த அடி, தவறிய அம்பு, தேவையின்றி இழந்த உயிர் ஆகியவற்றைத் திரும்பப் பெறலாம். உலகுச் சீட்டோ கதையை ஒருமுறை முடித்த பின்னரே கைக்கு வரும். அதைக் கொண்டு, கதை கிளைத்த இடங்களுக்குச் சென்று, அன்று தேர்ந்தெடுக்காத வழியில் நடந்து பார்க்கலாம்.

மீளா முடிவுகளைப் பற்றிய கதையில் மீட்கும் கருவியை வைப்பது முரண் என்று கூறியோர் உண்டு. அவர் கூற்றிற் பொருளிருக்கின்றது. கை நடுங்காமல் காய் நகர்த்துபவன் போரின் கனத்தை உணரான். 1995ஆம் ஆண்டு வடிவில், பெயரறிந்த வீரன் வீழ்ந்தபோது ஆடுவோர் பெற்ற அதிர்ச்சி, தேர் உருண்ட பின் குறைந்துவிட்டது. ஊழின் சக்கரம் எனப் பெயரிட்டுவிட்டு, அச்சக்கரத்தை விருப்பப்படி பின்னுக்குச் சுழற்றவிடுவது நகைமுரணே.

மறுதரப்பு வாதமும் கேட்கத்தக்கது. தேர் இல்லாத காலத்திலும் ஆடுவோர் பின்வாங்காமல் இருந்ததில்லை. வீரன் இறந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே பலர் வழக்கம். களவாய்ச் செய்ததை மீளாக்கம் வெளிப்படையாகச் செய்ய இடந்தந்தது, அவ்வளவே. பின்வாங்க விரும்பாதவர் அச்சீட்டைத் தொடாமலே ஆடலாம். மேலும், பயமின்றி முயன்று பார்த்துப் பிழையிலிருந்து கற்கும் வாய்ப்பு, தொடக்க நிலையினர்க்கு இன்றியமையாதது. திண்ணைச் சதுரங்கத்தில் மூத்தவர் காட்டிய இரக்கமே இது எனலாம்.

இவ்விரு வாதங்கட்கும் அப்பால் ஓர் உண்மை உண்டு. தேர் போர்க்களத்தில் மட்டுமே ஓடும். அதனால் திருத்த இயலுவது அம்பின் குறியையும் அடியின் இடத்தையுமே. பால்மமுசாவில் தந்த விடையைத் தேரால் மாற்ற முடியாது. நான்காம் பகுதியில் மனமுடைந்து நிற்கும் காச்சுவாவிடம் டெனம் பேசும் சொற்களை ஆடுவோன் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருந்தாச் சொற்களைத் தேர்ந்தால் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். அங்கும் தேர் உதவாது. கைப்பிழை திருத்தப்படலாம், சொற்பிழையும் நெஞ்சப்பிழையும் அவ்வாறு எளிதிற் திருத்தப்படா என்னும் வேறுபாட்டை மீளாக்கம் அறிந்தோ அறியாமலோ வரைந்து காட்டுகின்றது.

உலகுச் சீட்டு இன்னும் ஆழமான பாடத்தைத் தருகின்றது. விளையாட்டினுள் 'வாரன் குறிப்பேடு' என்னும் பகுதி உள்ளது. மாந்தர், இடங்கள், நிகழ்ச்சிகள் யாவும் அதிற் பதிவு செய்யப்படுகின்றன. அது ஆடுவோன் கைப்பட எழுதிச் செல்லும் நாட்டு வரலாறு என்னலாம். உலகுச் சீட்டோடு அவ்வேட்டைப் புரட்டுபவன் கிளை பிரிந்த இடத்திற்குத் திரும்புகின்றான். உடன்பட்டவன் இம்முறை மறுத்துப் பார்க்கின்றான். மறுத்தால் ஊர் பிழைக்கும் என்பது அவன் நம்பிக்கை. ஆனால் மறுத்த வழியிலும் பால்மமுசா எரிகின்றது. கொன்ற கையும், பழி சுமந்த தோளும், பிரிந்த நண்பனின் பெயருமே மாறுகின்றன. இறந்த மக்கள் எந்தக் கிளையிலும் எழுந்து வருவதில்லை.

ஒரே வழியில் ஒருமுறை மட்டும் ஆடியவன் இதனை அறிய வாய்ப்பில்லை. தான் வேறுவகையில் விடையளித்திருந்தால் எல்லாம் நலமாயிருந்திருக்கும் என்று அவன் எண்ணியிருப்பான். மூன்று கிளைகளையும் நடந்து கண்டவனுக்கே, தனியொருவன் விடையைவிடப் பெரிய ஆற்றல்கள் அவ்வூரைச் சூழ்ந்திருந்தன என்பது விளங்கும். அவ்வாறாயின் விடைக்குப் பொருளில்லையா? உண்டு. ஊரைக் காக்க இயலாதபோதும், கொலைக்கு உடந்தையாவதா இல்லையா என்பது டெனத்தின் கையிலேயே இருந்தது. நிகழ்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் வேறு. நிகழ்ச்சியில் தன் பங்கை முடிவு செய்யும் உரிமை வேறு. முன்னது இல்லாதபோது பின்னதும் இல்லையென்று கூறுவது, ஆணைக்குப் பணிந்தோர் எக்காலத்தும் கூறிவந்த சாக்காகும்.

முடிவுரை

சூப்பர் பாமிகாம் கருவி இன்று காட்சிப் பொருள். பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவியின் காலமும் 2014ஆம் ஆண்டோடு ஜப்பானில் முடிவுற்றது. கருவிகள் மறைய, கதை மட்டும் கைமாறிக் கைமாறி வாழ்கின்றது. ஒவ்வொரு முறையும் அது சில நலன்களை இழந்தது. சில நலன்களைப் பெற்றது. கையடக்க மீளாக்கம் தந்த தேர், போரின் கடுமையைச் சற்றே தணித்தது உண்மை. ஆயின் அது தந்த உலகு, கதையின் அறத்தை முன்னினும் தெளிவாக்கியது.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: 'அன்று அவர்கள் வேறுவிதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' வரலாற்றில் அதற்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஸ்ரெப்ரெனிட்சாவில் வரிசையாய் நிற்கும் வெண்ணிறக் கல்லறைத் தூண்களுக்கு முன் எந்தத் தேரும் பின்னோக்கி உருளாது. விளையாட்டில் அந்த வழி உண்டு. சென்று பார்த்துவிட்டு வரலாம். அவ்வாறு சென்று வந்தவன், திரும்பிச் செல்ல முடியாத இவ்வுலகில் அடுத்த ஆணை தன்முன் நீட்டப்படும்போது, விடையளிக்கும் முன் ஒரு கணம் நின்று எண்ணுவானாயின், மட்சுனோவும் அவர்தம் தோழரும் இருமுறை செய்த உழைப்பு வீண்போகவில்லை என்று துணிந்து கூறலாம்.